விசுவாமித்திரர் எதற்காகக் கேட்டார்?

உயர்நிலை மூன்றில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். "அஞ்சு நாள் பள்ளிக்கூடம் இல்ல, துணைப்பாடம் இல்ல, போன் இல்ல. புலாவ் உபின்ல போய் துடுப்புப் போட்டா எந்தப் பரீட்சையில மார்க்கு வரும்?" பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. "கொசுக்கடிக்கு சிசிஏ புள்ளி உண்டா?" என்று கேட்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி நியாயமானது. கல்வி அமைச்சு 2016இல் அறிவித்த திட்டப்படி, உயர்நிலை மூன்று மாணவர் எல்லாருக்கும் அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூரில் ஐந்து நாள் முகாம். வேறு வேறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே குழுவில் கூடாரம் அடித்து, சமைத்து, காயாக் ஓட்டி, நடந்து பழகுகிறார்கள். இது படிப்பா, படிப்புக்கு நடுவே ஓர் இடைவேளையா? படிப்பு என்றால் அங்கே ஆசிரியர் யார்? காடா? கஷ்டமா?

அயோத்தியிலும் இதே தயக்கம் இருந்தது. ராமனை என்னோடு அனுப்பு என்று விசுவாமித்திரர் கேட்டபோது, தசரதன் முதலில் சொன்ன காரணம் வயதுதான். பையனுக்குப் பதினாறுகூட நிறையவில்லை. வேண்டுமானால் படையோடு நானே வருகிறேன் என்கிறார். வசிஷ்டர் எடுத்துச் சொன்ன பிறகே மனம் இறங்குகிறது. நாம் கதை கேட்கும்போது இந்த இடத்திலிருந்து நேரே தாடகைக்கும், அங்கிருந்து வில் முறிப்புக்கும் தாவிவிடுகிறோம். நடுவில் இருக்கிற நடைப்பயணத்தை வால்மீகியில் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அரண்மனைப் பிள்ளைகள் இரண்டு பேர் சரயு நதிக்கரையில் புல்லின்மேல் படுத்துத் தூங்குகிறார்கள். விடியலில் முனிவர் எழுப்புகிறார். (அவர் எழுப்பிய அந்தச் சொற்களோடுதான் நம் வீடுகளில் வேங்கடேச சுப்ரபாதம் தொடங்குகிறது.) படகில் போகும்போது நடு ஆற்றில் ஒரு பேரிரைச்சல். இது என்ன சத்தம் என்று ராமன் கேட்கிறான். சரயு கங்கையில் கலக்கிற சத்தம் என்று சொல்லும் முனிவர், அந்த ஆறு எந்த ஏரியிலிருந்து வருகிறது என்பதையும் சொல்கிறார். புவியியல் பாடம் முடிந்தது! காது கேட்டது, வாய் கேட்டது, அப்புறம்தான் பதில் வந்தது. நம் வகுப்பில் பதில் முதலிலேயே வந்துவிடுகிறது. கேள்வி பரீட்சைத் தாளில்தான் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 'உன் பிள்ளைக்கு மனவுறுதி வரட்டும்' என்று சொல்லி விசுவாமித்திரர் ராமனைக் கூப்பிடவில்லை. அவருடைய வேள்வி கலைந்துகொண்டே இருந்தது. ஆறு பகல், ஆறு இரவு கண்விழித்துக் காக்க ஆள் தேவை. ராமனுக்குக் கிடைத்த மந்திரம், அஸ்திரம், கதை, ஊர் ஊராகக் கேட்ட வரலாறு எல்லாம் இன்னொருவருக்கு உதவப்போன வழியில் கிடைத்தவை.

கஷ்டம்தான் ஆசிரியர் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே அதிகம். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." என்று தொடங்கும் பேச்சைக் கேட்காத இளைஞர் யார்? எனக்கு அதில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். வாரம் முழுக்க வெயிலில் கட்டடம் கட்டிய அண்ணன்மார்கள் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். கஷ்டப்படுவதே கல்வி என்றால் இந்த ஊரில் முதல் பட்டம் அவர்களுக்குத்தான் போகவேண்டும். யாரும் கொடுப்பதில்லை. 'ரெசிலியன்ஸ்' என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? அவர்கள் சுமப்பது தங்கச்சி கல்யாணமும் அப்பாவின் மருந்தும். ஐந்து நாள் கூடாரத்தில் படுத்துவிட்டு வந்து 'நானும் கஷ்டம் பார்த்தேன்' என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கவேண்டும். நமக்குத் திரும்பிப் போகப் படகு காத்திருந்தது.

கீதை 17ஆம் அத்தியாயத்தில் தவத்தை மூன்றாகப் பிரிக்கிறார் கிருஷ்ணர். பேருக்கும் பெருமைக்கும் செய்கிற தவம் ராஜசம். பிடிவாதமாக உடம்பை வதைப்பது தாமசம். முகாமுக்குப் போவதே பள்ளிச் சேர்க்கைக்கான போர்ட்ஃபோலியோவில் ஒரு வரி சேர்க்கத்தான் என்றால் அது எதில் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவுட்வர்ட் பவுண்ட் பிறந்த கதையும் இங்கே பொருந்துகிறது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர் கர்ட் ஹான், 1941இல் வேல்ஸின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் அதைத் தொடங்கினார். பணமும் ஆதரவும் தந்தவர் புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட். அந்தக் கப்பல்கள் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கும் பல காலம் வந்துபோனவை. போரில் கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகுகளில் இளம் மாலுமிகள் பலர் சோர்ந்து இறந்தார்கள், வயதானவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஹோல்டின் கவலை. ஆக, முதல் வகுப்பின் நோக்கம் படகில் பக்கத்தில் இருக்கிறவனும் பிழைப்பது. சிங்கப்பூரில் 1967இல் டாக்டர் கோ கெங் சுவீ இதைக் கொண்டுவந்தபோதும் தேவை உண்மையானதுதான்: இரண்டே வயதான நாடு, தேசிய சேவை தொடங்கிய அதே வருடம்.

அமெரிக்காவில் பால் பெட்சோல்ட் 1965இல் தொடங்கிய நோல்ஸ் பள்ளியில் ஒரு முழுப் பருவமே, ஏறக்குறைய மூன்று மாதம், மலையிலும் ஆற்றிலும் கழிகிறது. அதற்குக் கல்லூரிப் படிப்பில் மதிப்பும் பெறலாம். நமக்கு அவ்வளவு மலையும் இல்லை, அவ்வளவு நாளும் இல்லை. ஆனாலும் உபின் சின்னத் தீவு என்று தள்ளிவிடாதீர்கள். பூமிக்கடியில் மெதுவாக ஆறி இறுகியதால் பெரிய பெரிய மணிகளாகத் தெரியும் கருங்கல்லை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். அந்தக் கல்லை வெட்டிக் கொண்டுபோய்த்தான் 1851இல் பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார்கள். கல் எடுத்த குழிகள் இப்போது ஏரிகள். நாரைகள் கூடு கட்டுகின்றன. ஒரே குழியில் புவியியல், வரலாறு, உயிரியல் மூன்றும் இருக்கின்றன. கேட்கிற பிள்ளையும், நின்று பதில் சொல்கிற ஆசிரியரும் வேண்டும், அவ்வளவுதான்.

தசரதனின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2021 பிப்ரவரியில் யீஷூனில் உயரத்தில் நடக்கும் ஒரு சாகசப் பயிற்சியில் 15 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் பள்ளிகளின் உயரப் பயிற்சிகள் நிறுத்திவைக்கப்பட்டன. "ரிஸ்க் இல்லாம வாழ்க்கையா" என்று அந்தப் பெற்றோர் முன்னால் யாராலும் பேச முடியாது. ஆபத்து தானாகவே பாடம் ஆகிவிடாது. கயிறும் கொக்கியும் பார்க்கப்பட்ட பிறகு, மழையில் நனைந்த கூடாரத்துக்குள் பேர்கூடத் தெரியாத பையனுக்கு உலர்ந்த சட்டையைக் கொடுக்கிறாயா என்ற இடத்தில்தான் பாடம் இருக்கிறது. அதற்கு உயரம் தேவையில்லை.

உபினின் கிழக்கு முனையில் இருக்கிற செக் ஜாவாவை மண்கொட்டித் தூர்த்து நிலமாக்க ஒரு திட்டம் இருந்தது. 2001இல் செய்தி பரவியதும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் நடந்து பார்த்தார்கள். ஆர்வலர்கள் அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதினார்கள். அந்த வருட டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நட்சத்திர மீனை எண்ணத் தெரிந்தவர்கள் அன்று அந்தக் கரைக்குத் தேவைப்பட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் பலர் அன்றுதான் எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த விடுமுறையில் போவதாக இருந்தால் நீரிறக்க நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிவிட்டால் மரநடைபாதையிலிருந்து கடல் மட்டும்தான் தெரியும். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். தம்பி தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் என்ன கேட்டாலும் உடனே போனை எடுக்காதீர்கள்.