பனியில் ஒரு பூ வீண்செலவா?



இலண்டனில் மகளோடு தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள் அயல்வீட்டு மூதாட்டி கடையிலிருந்து ஒரு தட்டு நிறையப் பூக்கன்றுகள் வாங்கி வந்து, வாசற்படியோரச் சாடிகளில் நட்டதைக் கண்டாராம். "சுவாமி, அந்த மனுசி ஓய்வூதியத்தில் சீவிக்கிறவ. வீட்டைச் சூடாக்கும் செலவுக்குப் பயந்து ஒரே அறைக்குள் இருக்கிறவ. இன்னும் சில கிழமைகளில் எல்லாம் உறைந்துபோகும் இடத்தில் பூ எதற்கு? அந்தக் காசை ஓர் ஏழைக்குக் கொடுத்தால் புண்ணியமல்லவா?" என்று கேட்கிறார்.

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பசியும் குளிரும் உள்ள உலகில் அழகுக்காகச் செலவிடுவது முறையா என்பது பழைய கேள்வி, நேர்மையான கேள்வியும்கூட. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் அந்தச் சாடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் ஆண்டு முழுவதும் பூக்கும் முற்றத்தில் வளர்ந்த எமக்கு, பூவில்லாத மாதங்கள் என்றால் என்னவென்று தெரியாது. டிசம்பர் மாதக் கடைசியில் இலண்டனில் பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. மாலை 4 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மரங்கள் இலையுதிர்ந்து எலும்பாய் நிற்கும். அங்கே செவ்வரத்தையை வெளியே வைத்தால் ஓர் இரவில் கருகிவிடும். எனினும், குளிரையே தம் காலமாகக் கொண்ட செடிகளும் உண்டு. மூதாட்டி நட்ட பான்சி அவற்றுள் ஒன்று. கடும் உறைபனியில் வாடித் தலைகுனியும். வெயில் சற்று எட்டிப் பார்த்ததும் நிமிர்ந்துகொள்ளும். வெள்ளை நிற நத்தார் றோசாவும், இளஞ்சிவப்புச் சைக்கிளமெனும் அவ்வாறே குளிரைத் தாங்கும். 1844இல் றொபேட் போச்சூன் என்பவர் சீனாவிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்த குளிர்கால மல்லிகை, இலையில்லாத கொம்புகளில் மஞ்சளாய்ப் பூக்கும். மல்லிகை என்றாலும் அதில் வாசமில்லை. ஆனால் அந்த மஞ்சள் நிறம் ஒரு சுவரையே வெளிச்சமாக்கும். சனவரி கடைசியில் ஸ்னோட்றொப் என்னும் சிறு வெண்மலர் தன் கூரிய இலை நுனியால் குளிர்ந்த மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பெப்ரவரி 2ஆம் திகதி, மெழுகுதிரிகளை ஆசீர்வதிக்கும் காணிக்கைத் திருநாளையொட்டிப் பூப்பதால், ஆங்கிலேயர் அதற்கு அத்திருநாளின் பெயரையும் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிரில் பூக்கும் பூவைக் குளிரில் நட முடியாது. மண்ணில் சூடு மிஞ்சியிருக்கும் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களிலேயே நட்டு வேரூன்றச் செய்யவேண்டும். சாடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாதபடி அடியில் துவாரம் இருக்கவேண்டும். சாடியைச் சிறு கற்களின் மேல் தூக்கி வைக்கவேண்டும். குளிரைவிட ஈரமே கூடுதலான செடிகளைக் கொல்கிறது. வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும். இருள் வருமென்று அறிந்தவர், வெளிச்சம் இருக்கும்போதே செய்துவைக்கும் வேலை இது.

இனிக் கேள்விக்கு வருவோம். பூ எப்போதும் முந்தவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் பிரித்தானிய அரசு மக்களை வீட்டுத் தோட்டங்களில் மரக்கறி பயிரிடச் சொன்னது. பூப்பாத்திகள் கிழங்குப் பாத்திகளாயின. இலண்டனின் ஹைட் பூங்காவிலும் மரக்கறி விளைந்தது. கப்பல்கள் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த வேளையில் அது சரியான முடிவே. பிள்ளையின் பாலுக்கு வைத்த காசில் பூ வாங்குவது எக்காலத்திலும் தவறு.

அழகின் பெயரால் செய்யும் அநீதியும் உண்டு. ஸ்னோட்றொப், சைக்கிளமென் கிழங்குகளைக் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் வகைதொகையின்றித் தோண்டி விற்றதனாலேயே, இன்று அவற்றின் சர்வதேச வர்த்தகம் உடன்படிக்கையொன்றினால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அபூர்வ ஸ்னோட்றொப் கிழங்கு ஒன்றை 1,000 பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களும் உளர். மற்றவரிடம் இல்லாததால் மட்டுமே ஒரு பூ அழகாகத் தெரியுமானால், அங்கே நேசிக்கப்படுவது பூவல்ல.

ஆனால் அந்த மூதாட்டி செய்தது வேறு. அன்பர்களே, அவர் அந்தச் சாடிகளை எங்கே வைத்தார்? வாசற்படியில். குளிருக்குப் பயந்து ஒரே அறைக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருப்பவருக்கு வாசற்படிப் பூ எவ்வளவு தெரியும்? தனக்கென்றால் யன்னலோரம் உள்ளே ஒரு சாடி போதுமே! வெளியே வைத்த பூவைக் காண்பவர்கள் வேறு ஆட்கள்: விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புபவர், ஈரச் சப்பாத்தோடு வரும் தபாற்காரர், பாடசாலைப் பிள்ளைகள். குளிர் தணியும் நாளொன்றில் பசியோடு வெளிவரும் தேனீயும் வண்டும்கூட அந்த வரிசையில் உண்டு. உணவு அருகிய அந்த மாதங்களில் குறோக்கஸ், ஹெதர் போன்ற பூக்களின் மகரந்தமும் தேனும் அவற்றுக்குப் பெரும் உதவி.

அழகைத் தனக்கென்று பூட்டி வைக்கும்போது அது ஆடம்பரமாகிறது. அதனையே கொண்டுவந்து வாசலில் வைத்தால் அது கொடை. பெற்றவர் நன்றி சொல்லமாட்டார். கொடுத்தவருக்குப் பெற்றவரின் பெயரும் தெரியாது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாத கொடை என்று இதனையன்றோ சொல்லவேண்டும்!

"பயன் என்ன?" என்று மீண்டும் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்னோட்றொப் இனச் செடியொன்றிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்ட கலன்ரமின் என்னும் பொருள், இன்று முதுமையில் நினைவிழப்போருக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. நோயை மாற்றாவிட்டாலும் சிலருக்கு அதன் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கிறது. எனினும், இதைக் காட்டி நாம் வாதிட விரும்பவில்லை. நூற்றாண்டுகளாக அதை நட்டவர்கள் மருந்துக்காக நடவில்லை. மருந்து கிடைத்திராவிட்டாலும் அவர்கள் நட்டது வீணாகியிராது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. வாசலில் பூ வைத்தவருக்கு அயலவர் மீதுள்ள கடமை தீர்ந்துவிடாது. பக்கத்து வீட்டில் ஒருவர் சூடின்றி நடுங்கும்போது, "பூ வைத்திருக்கிறேனே" என்று சொல்வது கேலியாகிவிடும். அதே அளவுகோலால் எம்மையும் அளக்கவேண்டும். ஒரே அறைக்குள் குளிர்காயும் மூதாட்டியின் பூவைப் பற்றி எமக்கு எழுதிய ஆசிரியை, அவருடைய கதவை ஒருமுறையாவது தட்டினாரா? கடிதத்தில் அது இல்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. புதிய நாட்டில், பழகாத மொழியில், முதுமையில் ஒரு கதவைத் தட்டுவது எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும்.

ஆகவே, ஆசிரியை அம்மா, உங்கள் கேள்விக்கு எமது பதில் இதுதான். அந்தக் காசு வீண்போகவில்லை. இரண்டு வீட்டு யன்னல்களுக்கு இடையில் ஒரு பேச்சு தொடங்குவதற்கு அந்தப் பூ ஏற்கெனவே வழிசெய்து வைத்திருக்கிறது. ஒரு போத்தலில் சூடான தேநீரோடு போய், "உங்கள் பூ அழகாயிருக்கிறது" என்று சொல்லுங்கள். அவ்வளவு ஆங்கிலம் போதும். வருகிற ஒக்ரோபரில் உங்கள் மகளின் வாசலிலும் ஒரு சாடி இருக்கட்டும்.

இங்கே பிள்ளைகளின் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் பெற்றோரே, அடுத்த முறை பேசும்போது, "சாப்பிட்டியா, குளிருக்கு உடுப்புப் போட்டியா?" என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "பக்கத்து வீட்டில் ஆர் இருக்கினம்?"