விட்டு வந்த நிலமும் தீட்டிய நிலமும்

பிறந்த மண்ணைப் பிரிந்து பிழைக்க வந்தவன் அம்மண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது? அதன் உருவத்தைச் சற்றும் மாறாமல் காத்துத் தன் மக்களிடம் ஒப்படைப்பதா? அன்றி, புதிய மண்ணைத் தம் கண்ணாலேயே காணுமாறு அவர்களை விட்டுவிடுவதா?

ரேணிகுண்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையும், கூடூரிலிருந்து காட்பாடிக்குச் செல்லும் பாதையும் கூடும் சந்திப்பு இவ்வூர். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கட மலை நம் கண்ணெதிரே நிற்கிறது. எல்லையில் வாழ்பவர்க்கு எதைக் காப்பது, எதை விடுவது என்னும் எண்ணம் நாள்தோறும் எழுவது இயல்பே.

நிலக்காட்சி தீட்டுவதில் தேர்ந்த ஓவியர் இருவர் இவ்வினாவிற்குத் தம் வாழ்வாலேயே இருவேறு விடைகள் தந்து சென்றனர்.

முதலாமவர் ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் மக்டாகர்ட் (1835–1910). கின்டயர் என்னும் கடல் சூழ்ந்த நிலப்பகுதியில் எளிய குடியில் பிறந்தவர். எடின்பரோ நகரிற் பயின்று அங்கேயே புகழும் பெற்றார். எனினும் அவர் தூரிகை பிறந்த கடற்கரையை மறக்கவில்லை. மீண்டும் மீண்டும் அங்கே சென்று அலையையும் காற்றையும் தீட்டினார். வாழ வழியின்றிக் கப்பலேறி அயல்நாடு சென்ற ஏழை மக்களையும் தம் முதிர்ந்த பருவத்தில் வரைந்தார். அப்படங்களில் மனிதர் தனித்துத் தெரிவதில்லை. கரையோடும் நீரோடும் கலந்தே தெரிகின்றனர். மண்ணைப் பிரிபவன் தன்னில் ஒரு பகுதியையே பிரிகிறான் என்பதை அவ்வண்ணங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

மற்றவர் நம்மிடையே வாழ்ந்த கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. தென்னையும் கால்வாயும் பசுமையும் நிறைந்த கேரள நிலத்தைச் சிறுவயதிலேயே தீட்டத் தொடங்கினார். குடும்பப் பொறுப்பால் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். பின்னர்ச் சென்னை அரசினர் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அதன் முதல்வராகவே உயர்ந்தார். 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியரும் சிற்பிகளும் கூடி வாழும் சோழமண்டலம் அவர் தலைமையில் உருவாயிற்று. கலையைக் காக்க வேண்டுமாயின் கலைஞனின் வயிற்றையும் காக்க வேண்டும் என்பதை உணர்ந்த அவர்கள், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பொருளீட்டினர்.

ஆனால், நிலக்காட்சியால் பெயர் பெற்ற அப்பெருமகன் அதனை ஒருநாள் விட்டுவிட்டார். 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் தென்னையும் கால்வாயும் இல்லை. மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், சாதகக் கட்டங்களும், கணிதக் குறிகளுமே திரையை நிரப்பின. இது நன்றி மறந்த செயலா?

அன்று என்பதே என் கருத்து. பாராட்டுப் பெற்ற படத்தையே வாழ்நாள் முழுதும் மறுபடி தீட்டுதல் எளிது. அது பற்றுப்போலத் தோன்றலாம். ஆயின், பார்க்காமலேயே தீட்டப்படும் தென்னை நினைவின் தென்னை அன்று, பழக்கத்தின் தென்னை. மரத்தையும் நீரையும் விட்ட பணிக்கர், தம் மண்ணின் எழுத்தை விட்டாரில்லை. மக்டாகர்ட் திரும்பிச் சென்று காத்த ஒன்றைப் பணிக்கர் உருமாற்றிக் காத்தார்.

இங்கே ஒரு தடை எழும். பணிக்கரின் திரையில் உள்ள எழுத்துகள் படித்துப் பொருள் காண்பதற்கானவை அல்ல. ஓவியத்திற்கு அது அழகு. நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து வெறுங்கோலமாகத் தோன்றுமாயின், அது அழகாகுமா? ஆகாது, அது இழப்பு. பணிக்கர் நிலக்காட்சியைக் கசடறக் கற்ற பின்னரே அதைக் கடந்தார். கல்லாதவன் கடப்பதில்லை; தவறவிடுகிறான். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நம் முன்னோர் நிலத்தை வெறுங்காட்சியாகக் கொண்டாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர். அங்கு வாழும் உயிரும் தொழிலும் கருப்பொருள் என்றனர். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கத்தையே உரிப்பொருள் என்றனர். பாலைக்குத் தனி நிலம் வகுக்காமல், பிற நிலங்கள் வெம்மையால் திரிந்த நிலையாக அதைக் கண்டதும், பிரிவை அதன் உரிப்பொருளாக வைத்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கன. புலம்பெயர்ந்தோர்க்கும் நம் இலக்கணத்தில் இடமுண்டு.

ஆகவே, நம் வீட்டுச் சிறுமி தாத்தாவின் ஊர் வயலை வரையாமல், வேங்கட மலையையும் அதன் கீழே செல்லும் இரயிலையும் வரைவாளாயின் நாம் வருந்த வேண்டா. அது அவள் கண்ட நிலம். அப்படத்தின் கீழே தன் பெயரைத் தமிழில் எழுத அவளுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம். எழுதக் கற்பித்தல் நம் கடமை. எதைத் தீட்டுவது என்பது அவள் உரிமை.