மூன்றாவது புள்ளி

வரைபடத் தாளில் ஒரு வளைகோட்டை வரைந்து, இஃது ஓர் அடுக்குக்குறிச் சார்பு என்று முன்னதாகவே சொல்லி, இதன் சமன்பாடு யாது என்று மாணவனைக் கேட்கிறோம். கோடு நிலையச்சை 3-இல் வெட்டுகிறது, கிடையச்சின் 2-க்கு நேரே 12-இல் நிற்கிறது என்னும் இரண்டு செய்திகளைக் கொண்டே, 12-ஐ 3-ஆல் வகுத்து, வந்த 4-க்கு வர்க்கமூலம் கண்டு, 3-இல் தொடங்கி அடிதோறும் இரட்டிக்கும் சார்பு என அவன் விடை கூறிவிடுவான். ஆயினும் அவ்விரு புள்ளிகளின் வழியே ஒரு நேர்கோடும் செல்லும். 10-க்கு நேரே அந்நேர்கோடு 48-இல் நிற்க, மாணவனுடைய கோடோ 3072-ஐ எட்டியிருக்கும். இவ்வேற்றுமையைத் தீர்மானித்தது அவன் கண்ட புள்ளிகளல்ல. காணுமுன் ஏற்ற வாக்கு.

அனுமானத்திலும் இதே சிக்கல் உண்டு. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் வியாப்தியை (பிரியாத உடனிகழ்ச்சியை), எல்லாத் தேசங்களையும் காலங்களையும் காணாத நீ எவ்வாறு நிச்சயித்தாய் என்று கேட்டு, உலகாயதரான சார்வாகர் அனுமானப் பிரமாணத்தையே தள்ளினர். அனுமானத்தால் ஈசுவரனை ஸ்தாபிக்கப் புகுந்த நியாயகுஸுமாஞ்சலியில் உதயனாசாரியர் அதற்குச் சொன்ன சமாதானம் மிக நுட்பமானது: காணாத காலத்தில் வேறாக இருக்கலாம் என்று ஐயுறுகிறவன், காணாத காலம் ஒன்று உண்டென்பதையே அனுமானத்தாலன்றி எதனால் அறிந்தான்? சார்வாகர் வாயை அடைக்க இது போதும். பல வியாப்திகளுள் மெய்யானது எது என்று தேர இது போதாதென்பது என் அபிப்பிராயம்.

தேர்வதற்கு வேறொரு வழி உண்டு. மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ரதர்போர்டு, தோரியத்திலிருந்து எழும் வாயுவின் கதிரியக்கம் சுமார் ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேய்வதை 1900-இல் வெளியிட்டார். இத்தகைய அளவுகளின் லாகரிதத்தை எடுத்துக் குறித்தால் வளைந்த கோடு நேராகிவிட வேண்டும். மூன்றாவது புள்ளி அந்நேர்கோட்டை விட்டு விலகி நின்றால், தேய்வு அடுக்குக்குறிச் சார்பு என்னும் கொள்கை வீழ்ந்தது. தோற்பதற்கும் இடங்கொடுத்து நிற்கிற இக்கொள்கையை நம்பித்தான், யுரேனியம் பாதியாகச் சுமார் 450 கோடி ஆண்டு செல்லும் என்ற, எவரும் உடனிருந்து பார்த்திராத கணக்கையும் ஏற்கிறோம். (சமன்பாடு ஒருகாலும் பூஜ்யத்தைத் தொடாது என்பதைக் கொண்டு வஸ்துவுக்கு நித்தியத்துவம் கற்பிப்பாரும் உளர்; ஆனால் அணுக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, கடைசி அணுவும் சிதையக்கூடியதே.)

ஈசுவரனிடத்தில் எனக்கு விசுவாசம் உண்டு. ஆனால் ஈசுவர சாதனத்துக்கு, விலகி நின்றால் கொள்கையைக் கைவிடச் செய்யும் அத்தகைய மூன்றாவது புள்ளி ஒன்று எனக்கு இதுவரை தென்படவில்லை. ஆதலால் அவ்வழக்கில் கணிதத்தை நான் சாட்சிக்கு அழைக்கமாட்டேன்.