அழகும் அங்குசமும்

துன்பத்திலே பிறந்த ஒரு பொருள் அழகாயும் இருக்குமானால், அவ்வழகை நாம் குற்றமின்றி நுகரலாமா? கேள்வி பழையதுதான். ஆயினும், அண்மையில் நண்பர் ஒருவரின் புதுமனைக்குச் சென்றிருந்தபோது அது புதுக்கோலம் பூண்டு நம்முன் வந்து நின்றது. கூடத்துச் சுவரிலே பளபளக்கும் உலோகத் தகடுகள் மூன்று. ஒன்றிலே முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாய் நிற்கும் யானை; மற்றொன்றிலே தீவளையத்தினூடே பாயும் புலி; மூன்றாவதிலே சைக்கிள் மிதிக்கும் கரடி. சிவப்பும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. அழகாயிருக்கின்றன என்று நாமும் சொன்னோம். பொய்யாகச் சொல்லவில்லை.

இவை பழைய சர்க்கஸ் விளம்பரங்களின் பிரதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் இருந்த ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகமும், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் இருந்த பிரீட்லாண்டர் அச்சகமும் இத்தகைய விளம்பரங்களுக்குப் பெயர் பெற்றிருந்தன. கல்லச்சிலே வண்ணம் வண்ணமாகப் பதித்த தாள்கள், கூடாரம் வந்துசேரும் முன்னரே ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டன. மழையிலே கரைந்து போகவேண்டிய அத்தாள்கள் இன்று தகரத்திலும் அலுமினியத்திலும் மறுபிறவி எடுத்துள்ளன. பூச்சிட்ட அலுமினியத் தகட்டிலே வெப்பத்தால் சாயத்தை ஏற்றிவிட்டால் படம் எளிதில் மங்காது. தகரத் தகடுகள் சிலவற்றிலே துருவையும் சேர்த்தே அச்சிடுகின்றார்கள். காலம் தரவேண்டிய முதுமையை ஆலையே தந்துவிடுகிறது.

அக்கல்லச்சுத் தொழிலாளரின் திறமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவர்களுட் பலர் தம் பெயரைக்கூடப் படத்தில் விட்டுச் செல்லாத உழைப்பாளிகள். ஆனால், அவர்கள் யாருக்காக வரைந்தார்கள் என்பதை மறக்கலாகாது. விளம்பரம் வணிகனின் வாய்மொழி. அதிலே யானை புன்னகை செய்யும்; காலிலே பூட்டிய சங்கிலி தெரியாது. புலி பாயும், அது அடைபட்டுக் கிடந்த கூண்டு தெரியாது. அங்குசத்துக்கு அங்கே இடமே இல்லை.

படம் மறைத்ததை வரலாறு மறைக்கவில்லை. ஜம்போ என்ற ஆபிரிக்க யானை குட்டியாய் இருக்கும்போதே பிடிக்கப்பட்டு, பாரிஸ் வழியாக 1865இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு வந்தது. 1882இல் அமெரிக்க வணிகர் பார்ணம் அதனைப் பத்தாயிரம் டொலருக்கு வாங்கினார். 1885 செப்டெம்பர் 15ஆம் நாள் கனடாவின் சென்ற் தோமஸ் ஊரிலே சரக்குப் புகையிரதம் மோதி அது மாண்டது. அதன் பின்னரும் விடுதலை கிடைக்கவில்லை. தோலைப் பாடம் செய்து ஊர் ஊராகக் காட்டினார்கள், எலும்புக்கூட்டையும் காட்டினார்கள். டொப்சி என்ற யானையை 1903இல் நியூயோர்க்கின் கோனி தீவிலே மின்சாரம் பாய்ச்சிக் கொன்று, அக்காட்சியைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். 1916இல் டெனசி மாநிலத்தின் ஏர்வின் ஊரிலே மேரி என்ற யானை புகையிரதப் பாரந்தூக்கியிலே தூக்கிலிடப்பட்டது. அது கொன்றவன், யானைகளோடு பழகியிராத, புதிதாய்ச் சேர்ந்த கூலியாள். அந்த ஏழையின் உயிரும் அவ்விலங்கின் உயிரும் ஒரே இலாபக் கணக்கிலே செலவாக எழுதப்பட்டவை.

இக்கதை நம் நாட்டையும் தொட்டே செல்கிறது. 1850இல் இதே பார்ணம் யானை பிடிப்பதற்கென இலங்கைக்கு ஆள்களை அனுப்பினார். அடுத்த ஆண்டிலே பத்து யானைகள் கப்பலில் நியூயோர்க் சென்றடைந்து, தேரில் பூட்டப்பட்டு நகர வீதியிலே ஊர்வலம் விடப்பட்டன. அவற்றுள் ஒன்றைப் பின்னர் கனெக்ரிகட் மாநிலத்திலுள்ள தம் நிலத்திலே ஏரிற் பூட்டினார். இருப்புப்பாதையின் அருகே, புகையிரதம் கடக்கும் வேளை பார்த்து, அந்த யானை உழவேண்டும். பயணிகள் வியக்கவேண்டும், பார்ணத்தின் பெயர் பரவவேண்டும். நம் காட்டு யானை அந்நிய மண்ணிலே உழுத உழவின் விளைச்சல் அதுதான்.

மனிதரும் தப்பவில்லை. ஹம்பர்க் வணிகர் கார்ள் ஹாகன்பெக் 1880களிலே இலங்கை மக்களையும் யானைகளையும் ஒருங்கே ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். அக்காட்சியின் விளம்பரத்தைத் தகட்டில் பதித்துத் தந்தால் நம் நண்பர் கூடத்தில் மாட்டுவாரா? மாட்டமாட்டார். நெஞ்சு உறுத்தும். எனின், யானை தலைகீழாய் நிற்கும்போது அந்த உறுத்தல் எங்கே போயிற்று?

"என்ன மாஸ்டர், உது சும்மா ஒரு படந்தானே!" என்றார் நண்பர். செத்துப்போன யானைக்கு இன்று என்ன நட்டம் என்பதே அவர் வாதம். யானைக்கு நட்டமில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். நட்டம் பார்ப்பவனுக்கு. அதிலும், நாள்தோறும் அப்படத்தின் கீழே விளையாடி வளரும் பிள்ளைக்கு. அடங்கி நிற்பதே விலங்கின் இயல்பு, அடக்குவதே மனிதனின் திறமை என்ற பாடத்தை அச்சுவர் ஓசையின்றிப் படிப்பிக்கிறது. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இத்தகைய பாடத்தைச் சும்மா என்று தள்ளிவிட முடியாது.

இப்படங்களை அழித்துவிடச் சொல்கின்றோமா? இல்லை. அரும்பொருட்சாலையிலே, உண்மை எழுதிய குறிப்போடு தொங்கும்போது அவை சாட்சி கூறுகின்றன. குறிப்பின்றிக் கூடத்திலே தொங்கும்போது வணிகனின் பொய்யையே நூறாண்டு கழிந்தும் திருப்பிச் சொல்கின்றன. சட்டமோ முன்னேறிவிட்டது. புலி, சிங்கம், கரடி, குரங்கு முதலியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதை இந்திய அரசு 1998இல் தடுத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. அமெரிக்காவின் றிங்லிங் சர்க்கஸ் 2016இல் யானைகளை மேடையிலிருந்து இறக்கியது. இங்கிலாந்திலே 2020 முதல் சர்க்கஸில் காட்டு விலங்குகளுக்கு இடமில்லை. கூடாரத்திலிருந்து வெளியேற்றப்பட்டதை நாம் வீட்டுக்குள் வரவேற்று உபசரிக்கின்றோம்.

ஈண்டு நம்மையும் நாம் சோதித்தல் வேண்டும். சிறுவயதிலே சர்க்கஸ் கூடாரத்தில் கைதட்டி மகிழ்ந்தவர்கள் நாம். இன்றும், பட்டாடை போர்த்துப் பெரஹராவிலே நடக்கும் யானையின் படம் நம் வீட்டு நாட்காட்டியில் தொங்குகிறது. அதன் காற்சங்கிலியை நாம் எத்தனை முறை உற்று நோக்கினோம்? அந்நியனின் சுவரைக் குறைகூறும் நாவுக்குத் தன் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேசவும் துணிவு வேண்டும்.

நண்பர் இறுதியிலே, "அப்ப கழற்றவோ?" என்று கேட்டார். புலியையும் கரடியையும் கழற்றுங்கள், யானை இருக்கட்டும், ஆனால் ஜம்போவின் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள் என்றோம். கதையைக் கேட்டபின் அப்படம் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பிள்ளை தீர்மானிக்கட்டும். வீடு திரும்பிய நாம் நம் நாட்காட்டியின் முன்னே நெடுநேரம் நின்றோம்.