பின்மூடியில் ஒரு எண்

என்னிடம் 11 ஸ்டாப்வாட்சுகள் இருக்கின்றன. எல்லாம் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை, சாவி கொடுத்தால் ஓடுபவை. ஹோயர், லியோனிடஸ், எக்ஸெல்சியர் பார்க் என்று பெயர் சொன்னால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வட்டம்தான். எட்டு, விளையாட்டு மைதானங்களிலிருந்து வந்தவை. மூன்று, தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. என் கேள்வி அந்த மூன்றைப் பற்றியது. ஒரு பொருளின் அழகை ரசிக்க, அது செய்த வேலையை மறந்தாக வேண்டுமா?

அவற்றின் முகப்பே வேறு. இரண்டில், ஒரு நிமிடம் 60 நொடிகளாக இல்லாமல் 100 பாகங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாகம் 0.6 நொடி. கூட்டவும் சராசரி எடுக்கவும் வசதி. மூன்றாவதில் நொடிகளோடு இன்னொரு வரிசை எண்களும் உண்டு. தொழிலாளி ஒரு வேலையைத் தொடங்கும்போது அமுக்கி, முடிக்கும்போது நிறுத்தினால், முள் நிற்கும் இடத்தில் அவர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செய்ய வேண்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். 20 நொடியில் நின்றால் 180. 15 நொடியில் நின்றால் 240. அவர் செய்தது ஒன்றுதான். மீதி 179ஐ முகப்பு செய்துவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல், முதுகை நிமிர்த்தாமல்.

வேலையை இப்படி நொடிநொடியாக அளக்கும் முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர். 1903இல் வந்த தன் நூலில் அவர் ஒரு குறிப்பேட்டை விவரிக்கிறார். அதற்குள் ஒன்றிலிருந்து மூன்று வாட்சுகள் வரை ஒளிந்திருக்கும். இடது கை விரலால் அட்டையை அமுக்கினால் ஓடும், நிற்கும். எதிரே வேலை செய்பவருக்கு ஒன்றும் தெரியாது. நியாயமாகச் சொல்வதென்றால், ஒளிந்து பார்ப்பதில் தனக்கு உடன்பாடில்லை, பெரும்பாலும் வெளிப்படையாக அளப்பதே நல்லது என்றும் டெய்லர் சொல்கிறார். சொன்னால் தகராறு வரும் என்கிற சில இடங்களுக்குத்தான் அந்தக் குறிப்பேடாம். எனக்கு அந்தச் ‘சில இடங்கள்’தான் உறுத்துகின்றன.

தகராறு வரத்தான் செய்தது. 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில், வார்ப்புத் தொழிலாளி ஒருவர் ஸ்டாப்வாட்சின் முன் வேலை செய்ய மறுத்தார். அவரை நீக்கியதும் மற்ற வார்ப்பாளர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய மனுவில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இது தங்களுக்கு அவமானம் என்று அவர்கள் சொன்னதுதான். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது. 1915இல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, ஸ்டாப்வாட்சை வைத்துத் தொழிலாளியை அளக்கும் அதிகாரிக்கு அந்த நிதியிலிருந்து சம்பளம் தரக்கூடாது என்று எழுதினார்கள். ஒரு கைக்கருவியை எதிர்த்து இப்படி ஒரு சட்டம் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

என்னைப்போலவே சேகரிக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “வாட்ச் என்ன செய்யும் பாவம்? உள்ளத உள்ளபடி சொல்லுது. மனுசன்தான் பொய் சொல்வான்.” சரிதான். ஆனால் வாட்ச் சொன்னதை ஏற்பதா வேண்டாமா என்பதும் மனிதன் கையில்தானே இருக்கிறது? 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல். அமெரிக்கரான லான்ஸ் லார்சனை அளந்த மூன்று வாட்சுகள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. ஆஸ்திரேலியரான ஜான் டெவிட்டின் மூன்றும் 55.2. முதலிடத்தைப் பார்த்த மூன்று நடுவர்களில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்த்த மூவரில் இருவர், டெவிட்தான் இரண்டாவது என்றார்கள். தலைமை நடுவர் தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். லார்சனின் நேரமும் 55.2 என்று பதிவானது. ஆறு வாட்சுகளும் உள்ளதைச் சொல்லித்தான் இருந்தன.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். நிமிடத்தில் நூறில் ஒரு பங்குவரை அளந்துவிட்டு, அளப்பவர் தன் மதிப்பீட்டால் அதைப் பெருக்குவார். இந்த ஆள் 80 சதவீத வேகம், அந்த ஆள் 110. களைப்புக்கு இவ்வளவு என்று கொஞ்சம் சேர்ப்பார். அவ்வளவு நுட்பமான முகப்புக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய குத்துமதிப்பு! ஓடி முடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே “எவ்வளவு மாஸ்டர்?” என்று கோச்சிடம் கேட்கிறான், எண் அவனுக்குக் கிடைக்கிறது. இங்கே எண் நேராக ஆபீசுக்குப் போகிறது.

என் அத்தை எழுபதுகளின் கடைசியில் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் பெக்டரியில் இருந்தார். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியபின் தோட்டத்துப் பெண்கள் பலர் போன வேலை அது. ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது மூன்றாவது வாட்சை அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதத்தான் உள்ளங்கையில மறைச்சு வெச்சிருப்பானா? சத்தம் மட்டும்தான்டா எங்களுக்குத் தெரியும். பின்னால ‘டிக்’குனு கேக்கும். அன்னைக்கு ஒருத்தியும் வேகமா செய்ய மாட்டோம். நாம வேகமா செஞ்சா அதையே கணக்கா வெச்சிருவான். புதுசா வர்ற பிள்ளைங்க என்ன பண்ணும்?” கொஞ்ச நேரம் கழித்து, “அழகாத்தான் இருக்கு” என்றார்.

கையில் கோபம் இல்லாமல் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தது எனக்கு எந்தப் பதிலையும் சுலபமாக்கவில்லை. நண்பர் சொல்வதுபோல் வெறும் கருவி என்றால், அத்தையும் அவர் தோழிகளும் சேர்ந்து மெதுவாகச் செய்த அந்த நாள்களுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. வெறும் சாட்டை என்றால், அத்தை சொன்ன அழகு பொய்யாகிவிடுகிறது.

அந்த வாட்சின் பின்மூடியில் ஏதோ ஓர் இலாகாவின் எண் கைவேலையாய்க் கோணலாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு எங்கள் வட்டத்தில் மதிப்பு குறைவு. தேய்த்து மெருகேற்று, விலை ஏறும் என்பார்கள். நான் தேய்க்கவில்லை. அந்த எண் ஒன்றுதான், அது யாரோ ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றதற்கு என்னிடம் மிஞ்சியிருக்கும் தடயம். அதற்காக நான் வாங்குவதை நிறுத்திவிடவும் இல்லை. போன வாரம்கூட அதே வகையில் ஒன்றுக்கு விலை பேசினேன். பின்மூடியில் எண் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

“இருந்துச்சு. கவலப்படாதீங்க சார், சுத்தமா எடுத்துட்டேன்” என்றார் விற்பவர்.