நின்ற குற்றமும் நிற்கும் கடனும்

குற்றத்தை நிறுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? இவ்வினாவை எழுப்புவதற்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காடு தக்க இடமாகும்.

தொலைவிலிருந்த அனல் மின் நிலையங்களும் ஆலைகளும் கக்கிய கந்தகப் புகை, அக்காட்டின்மீது பல்லாண்டுகள் அமில மழையாக இறங்கியது. 1963 முதல் ஜீன் லைக்கன்சும் தோழர்களும் அங்கே மழைநீரையும் ஓடைநீரையும் அளந்து வந்தனர். அமிலம் மண்ணின் சுண்ணச் சத்தைக் கரைத்து ஓடையிற் சேர்த்தது. மண்ணுள் அடங்கிக் கிடந்த அலுமினியத்தையும் அவிழ்த்துவிட்டது. வேர்களுக்கு அது நஞ்சு. பாறை சிதைந்து மீண்டும் சுண்ணம் தருவதோ ஏழை வீட்டுச் சேமிப்பைப் போல மிக மெல்ல நிகழ்வது.

1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. கந்தகப் புகை பெரிதும் குறைந்தது. பாராட்டத்தக்கதே. ஆயினும் மழை தெளிந்த விரைவில் மண் தேறவில்லை. திருடியவன் திருட்டைக் கைவிட்டான் என்பதனால் களவுபோன பொருள் வீடு திரும்பிவிடுமா? புகையால் விளைந்த மின்னொளியில் வாழ்ந்தோர் வேறு, இழந்தது காடு. அதனிடம் கேட்டு எடுத்தவர் எவருமிலர்.

1999இல் ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின்மீது, சுண்ணச் சத்து மிகுந்த கனிமத் தூளை ஹெலிகாப்டரிலிருந்து தூவினர். அது சோதனைதான், கடனடைப்பு அன்று. அச்சரிவின் சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. தூவப்படாத பக்கத்து மரங்கள் அவ்வாறு தேறவில்லை.