பதினைந்தும் ஒன்பதும்

ஒருவரைப் போகச் சொல்ல அதிகாரம் இருந்தால் மட்டும் போதுமா? எழுந்து போக அவகாசம் கொடுக்கும் மனமும் வேண்டாமா? இந்தத் தர்ம விசாரத்துக்குக் கம்ப்யூட்டர் உலகம் வைத்திருக்கும் பதில் என்னை வெகுவாக யோசிக்க வைக்கிறது.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் குரோம் பிரௌஸர் திறந்திருக்கிறது. அதைக் கட்டளை எழுதி மூட நினைக்கிறோம். அந்தக் கட்டளைக்குப் பெயர் 'கில்'. கொல் என்று அர்த்தம். பெயர்தான் பயங்கரம், அது செய்வதெல்லாம் ஒரு சமிக்ஞை அனுப்புவதுதான். எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் போவது 15-ம் எண் சமிக்ஞை. 'வேலையை முடித்துக்கொள்' என்பது அதன் பொருள். பிரௌஸர் அதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிவைத்து, தன் கோப்புகளுக்குப் போட்ட பூட்டை எடுத்துவிட்டு விடைபெறும். 9-ம் எண் அப்படியல்ல. அது பிரௌஸரின் காதுக்கே எட்டாது, மறுக்கவும் வழியில்லை. அந்த க்ஷணமே கதை முடிந்துவிடும். மறுபடி திறந்தால், சென்ற தடவை தன்னை ஒழுங்காக மூடவில்லை என்று குரோம் முறையிடும்.

யூனிக்ஸின் பழைய பதிப்புகளில் 'கில்' எடுத்த எடுப்பிலேயே 9-ஐத்தான் அனுப்பியது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் அது 15 ஆயிற்று. முதலில் கொல்லத் தெரிந்தது; பிறகுதான் கேட்கத் தெரிந்தது. மனித நாகரிகமும் இந்த வரிசையில்தானே வளர்ந்திருக்கிறது?

"இயந்திரத்துக்கு என்ன ஐயா வலி?" என்று கேட்பீர்கள். அதற்கு வலி இல்லைதான். ஆனால் அதன் கையில் ஒப்படைத்த நம் காரியங்கள் பாதியில் அறுந்துபோகின்றனவே! பத்து வருஷம் உழைத்த குமாஸ்தாவை, "நாளை முதல் வர வேண்டாம்" என்று அனுப்பினாலும் அப்படித்தான். அவர் கையிலிருந்த கணக்கும் அறுகிறது; அவரை நம்பிய குடும்பமும் தடுமாறுகிறது.

அதற்காக 9-ஏ கூடாதென்று சொல்லமாட்டேன். சொன்னதைக் கேளாமல் உறைந்துபோன புரோகிராம்களும் உண்டு. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, 15-ஐ அனுப்பிவிட்டு, இயல்பான அமைப்பில் 90 வினாடி பொறுத்த பிறகே 9-ஐ எடுக்கும். 15-ஐ அனுப்பிய கையோடு 9-ஐயும் அனுப்புகிறவர் சடங்குக்குக் கேட்டவர்தான். உண்மையான மரியாதை அந்த 90 வினாடியில் இருக்கிறது.

அவகாசம் பெற்றவருக்கும் கடமை உண்டு. கணக்கை முடித்து, சாவியை ஒப்படைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். காதில் விழாதது போல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு 9-ஐ நொந்து என்ன பயன்?